48 வோல்ட் பட்டன் சத்தத்தைக் கூட்டுவதற்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இளம் பாடகர்கள் பலருக்கு அது தைரியம் கொடுத்திருக்கும். ஆனால் மைக்கில் சத்தம் குறைவாக இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) உள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி வருகிறது. அது தவறு. கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். இதே எண்ணத்தோடு என்னிடம் வருகிறவர்கள் ஏராளம்.

ஸ்டூடியோக்களில் அதிகம் பயன்படும் கண்டென்சர் என்ற வகை மைக் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதை மைக் கேபிள் வழியாகவே அனுப்புவதுதான் ஃபேன்டம் பவர். 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நோய்மன் நிறுவனம் செய்துகொடுத்த ஏற்பாடு இது. அங்கே அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததால் அந்த அளவே நிலைத்துவிட்டது. மேடையில் கையில் பிடித்துப் பாடும் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு இது தேவையே இல்லை. கேபிள் சரியாக இருந்தால், போட்டாலும் கெடுதல் இல்லை, சத்தமும் கூடாது. பழைய ரிப்பன் மைக் என்றால் மட்டும் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். கேபிளில் சின்னக் கோளாறு இருந்தாலும் உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் பட்டை கெட்டுவிடும்.

சத்தத்துக்கு உள்ளது கெயின் திருகு. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிப் பார்த்து அதை வைக்கக் கூடாது. பாட்டில் எங்கே குரல் மிக ஓங்குமோ அந்த மேல்ஸ்தாயி இடத்தை முழுக் குரலில் பாடவிட்டு, மீட்டர் (பூஜ்யம்தான் அதன் உச்ச வரம்பு) மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்க வேண்டும். சத்தம் வரம்பு மீறி, சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலைப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் பழையபடி கொண்டுவர முடியாது. குறைவாகப் பதிந்ததை, 24 பிட் என்ற நுணுக்கமான தரத்தில் எடுத்திருந்தால், தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.

சமீபத்தில் தேவாரம் பாடும் ஒரு மாணவி புது கண்டென்சர் மைக்கோடு வந்தார். 48 வோல்ட் விளக்கு எரிகிறது, மைக்கில் மூச்சுகூட வரவில்லை. கடையில் கேட்டதற்கு, "மைக் போச்சும்மா, வேற வாங்கிக்கோங்க" என்றார்களாம். கேபிளைப் பார்த்தேன். ஒரு முனையில் மூன்று பின்; மறுமுனையில் கிடாருக்குப் போடுகிற மாதிரி தடித்த ஒற்றை பின். இன்டர்ஃபேஸின் துளை இரண்டையும் ஏற்கும், ஆனால் 48 வோல்ட் மூன்று பின் வழியாக மட்டுமே போகும். இரு முனையிலும் மூன்று பின் உள்ள கேபிளை மாட்டியதும் குரல் கணீரென்று வந்தது. நல்ல மைக்கைத் தூக்கிப் போட இருந்தார் அந்தப் பெண்! கேபிள் விற்கிற கடைக்கு இதுகூடவா தெரியக் கூடாது?

இன்னொன்று. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்து, கேபிளை மாட்டிய பிறகே 48 வோல்ட்டைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் அதை அணைத்து, சில நொடி பொறுக்க வேண்டும். இல்லையென்றால் 'டப்' என்ற சத்தம் நேராகக் காதில் அறையும். பாடுகிற பிள்ளைகளுக்குக் காது முக்கியம்.

அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்கள் கண்ணில் படும்படி, அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
கும்பகோணம்.