மூல ஒலியை அழிக்காதீர்கள்: கடலடியில் ஹைட்ரோபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடற்படைகளுக்கும், கடலாய்வு நிலையங்களுக்கும், எண்ணெய், எரிவாயு, காற்றாலை நிறுவனங்களுக்கும், இந்த வேலைகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஹைட்ரோபோன், அதாவது நீருக்கடியில் வைக்கும் ஒலிவாங்கி, எடுத்த பதிவுகளைக் கேட்டுப் பிரிப்பது என் வேலை. மாதக்கணக்கில் கடலடியில் கிடந்த கருவி மேலே வந்ததும் அதன் ஒலி என் கைக்கு வரும். எந்த நேரத்தில் எந்தத் திமிங்கிலம் குரல் கொடுத்தது, எப்போது டால்பின் கூட்டம் கடந்து போனது என்று குறித்துக் கொடுப்பேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. உங்களில் பலர் அறிக்கை எழுதி முடித்ததும் மூல ஒலிப்பதிவை அழித்துவிடுகிறீர்கள். சிலர் சுருக்கி வைக்கிறீர்கள், சிலர் பூட்டி வைக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வழக்கத்தை மாற்றுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்திலிருந்து எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது. 14 மாதப் பதிவு என்று சொல்லியிருந்தார்கள். ஆசையோடு திறந்தேன். உள்ளே ஒலியே இல்லை, ஒரு அட்டவணை மட்டும் இருந்தது. மணிக்கு ஒரு வரி, அதில் 'டால்பின்: உண்டு' அல்லது 'டால்பின்: இல்லை'. போன் போட்டுக் கேட்டேன். "அறிக்கைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒலிக் கோப்பெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, போன மாதம்தான் அழித்தோம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த அட்டவணையைத் தயாரித்த மென்பொருளோ விசில் ஒலியை மட்டும் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. விசிலடிக்காமல் க்ளிக் ஒலி மட்டும் எழுப்பி இரை தேடிப் போன கூட்டமெல்லாம் அதில் 'இல்லை' ஆகிவிட்டது. தப்பு தெரிந்த பிறகும் திருத்த வழியில்லை. அந்த 14 மாதத்தைக் கடலிடம் திரும்பக் கேட்டு வாங்க முடியாது.

கடலில் வெளிச்சம் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஒலியோ நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால்தான் திமிங்கிலங்களும் டால்பின்களும் காதை நம்பி வாழ்கின்றன, நாமும் அவற்றைத் தேடக் காதை நம்புகிறோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு மணி நேரக் கோப்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை, ஆண்டறிக்கையில் கையெழுத்துப் போடுகிற எல்லோரும் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். அதனால் கொஞ்சம் விரித்துக் காட்டுகிறேன்.

கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமாகத் திரையில் போடுகிறேன். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, ஒலி பலமாக இருக்கும் இடத்தில் வெளிச்சம். அடிமட்டத்தில், 20 ஹெர்ட்ஸ் அருகே, புள்ளி வைத்ததுபோல் வரிசையாகத் துடிப்புகள். துடுப்புத் திமிங்கிலம். அப்படியே ஓடவிட்டால் ஹெட்போனில் ஒன்றும் கேட்காது. பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால்தான் குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழுவதுபோல் கேட்கும். 1960களின் தொடக்கம் வரைக்கும் இதை உயிருள்ள ஒன்றின் குரல் என்று பலர் நம்பவில்லை. அவ்வளவு சீரான இடைவெளி, ஏதோ இயந்திரம் என்றே நினைத்தார்கள். அதற்கு மேலே ஒரு கப்பல் வருகிறது. அதன் இரைச்சல் படுக்கைக் கோடுகளாக நீண்டு, கப்பல் கருவிக்கு நேர் மேலே வரும்போது கிண்ணம் கிண்ணமாக வளைகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குத் திமிங்கிலத்தின் புள்ளிகள் திரையில் மறைந்துவிடுகின்றன. இன்னும் மேலே, 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள், யாரோ அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்து மாதிரி டால்பின் விசில்கள். பாட்டில்மூக்கு டால்பின்களில் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு விசில் வளைவு உண்டு, பெயர் மாதிரி. அதையே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கிறது.

அப்புறம் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் க்ளிக். செங்குத்தாக ஒரு கோடு, அவ்வளவுதான் தெரியும். பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு க்ளிக்குக்குள்ளேயே சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளியில் சின்னச் சின்ன எதிரொலிகள் இருக்கும். அதன் மண்டைக்குள் ஒலி முன்னும் பின்னும் போய்வருகிற நேரம் அது. அந்த இடைவெளியை அளந்தால் தலையின் நீளம் கிடைக்கும், தலையை வைத்து உடலின் நீளத்தைக் கணக்கிடலாம். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் மிருகத்தை யாரும் பார்க்காமலே அளந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். 'ஸ்பெர்ம் திமிங்கிலம்: உண்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒலியை அழித்தால் இந்த அளவு போய்விடும்.

நான் சொல்வது வெறும் ஆசையில்லை. பழைய பதிவுகள் பிற்காலத்தில் பேசியதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 1960களில் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்தவர்கள் தென் சமுத்திரத்தில் வாத்து கத்துவது போன்ற ஒரு ஒலியைக் கேட்டார்கள். 'பயோ-டக்' என்று பெயர் வைத்தார்கள். யார் எழுப்புவது என்று ஐம்பது ஆண்டு தெரியவில்லை. 2013இல் அண்டார்க்டிக் மிங்கி திமிங்கிலங்களின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவி ஒட்டினார்கள். அந்தக் கருவியில் அதே வாத்துச் சத்தம். 2014இல் கட்டுரையாக வந்தது. இதில் என்னை நெகிழ வைப்பது அதற்கப்புறம் நடந்ததுதான். அந்த ஒரு விடை கிடைத்ததும், அண்டார்க்டிக்காவைச் சுற்றியும் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலும் முன்பே எடுத்து வைத்திருந்த பதிவுகளுக்கெல்லாம் ஒரே நாளில் அர்த்தம் வந்துவிட்டது. யாரும் கப்பலில் போக முடியாத குளிர்காலத்தில், பனிக்கட்டிக்கடியில் மிங்கிகள் இருக்கின்றன என்று அவை சொல்லின. 'அடையாளம் தெரியாத இரைச்சல்' என்று யாராவது அவற்றை அழித்திருந்தால்?

மரியானா அகழிப் பக்கம் 2014இல் பதிவான ஒரு விசித்திரமான ஒலியும் இப்படித்தான். கீழே ஒரு முனகல், முடிவில் உலோகத்தைச் சுண்டியது போல ஒரு கீச்சு. 2024இல்தான் அது பிரைட் வகைத் திமிங்கிலத்தின் குரல் என்று உறுதியாகச் சொன்னார்கள். திமிங்கிலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்டார்கள். பிறகு கணினிக்கு அந்த ஒலியைப் பழக்கி, 2,00,000 மணி நேரத்துக்கும் அதிகமான பழைய பதிவுகளில் தேடவிட்டார்கள். எந்தப் பருவத்தில், பசிபிக்கின் எந்த மூலையில் அவை இருந்தன என்று தெரிந்தது. இத்தனை மணி நேரத்தையும் பதிவு செய்தவர்கள் இந்த ஒலியைத் தேடிப் பதிவு செய்தவர்கள் இல்லை.

அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க வைத்த ஹைட்ரோபோன்கூட இதற்கு உதவியிருக்கிறது. சோதனைத் தடை ஒப்பந்த அமைப்புக்கு உலகக் கடல்களில் 11 நீரொலி நிலையங்கள் உண்டு. அவற்றில் ஒன்று இந்தியப் பெருங்கடலின் நடுவே டியகோ கார்சியாவில் இருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அந்த அமைப்பு சேர்த்து வைத்த ஒலியைக் கேட்டவர்கள், அதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டம் அங்கே இருக்கலாம் என்று 2021இல் எழுதினார்கள். அவற்றின் பாட்டு மற்றக் கூட்டங்களின் பாட்டோடு ஒத்துப்போகவில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய விலங்கு, குண்டு வெடிக்கிறதா என்று காவல் காக்க வைத்த கருவியில் வந்து விழுந்திருக்கிறது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீலத் திமிங்கிலங்களின் பாட்டுச் சுருதி 1960களிலிருந்து உலகெங்கும் தாழ்ந்துகொண்டே வருகிறது. வடகிழக்குப் பசிபிக்கில் இது 31 சதவீதம் இறங்கிவிட்டதாக 2009இல் கணக்கிட்டார்கள். ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எண்ணிக்கை கூடியதாலா, இரைச்சலாலா, வேறெதனாலா, வாதம் நடக்கிறது. ஆனால் இப்படி ஒன்று நடக்கிறது என்பதே தெரிய வந்ததற்குக் காரணம், 1960களில் எடுத்த பதிவை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. இன்று நீங்கள் அழிக்கிற கோப்பு 2065இல் ஒருவருக்கு அந்த 1960களின் பதிவாக இருந்திருக்கும்.

சரி, உங்கள் பக்கத்துச் சிரமங்களுக்கு வருகிறேன். முதலில் இடம். ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து (இந்த அளவுகளை 'மாதிரி' என்போம்), ஒவ்வொன்றையும் 24 பிட்டில் பதிந்தால் ஒரு ஹைட்ரோபோனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 ஜிகாபைட், ஆண்டுக்கு 9 டெராபைட். பத்துக் கருவி வைத்திருப்பவருக்கு இது நிஜமான சுமைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் சுமையைக் குறைக்கும் வழியாகப் பலர் செய்வது, பதிவை நொடிக்கு 2,000 மாதிரியாகச் சுருக்குவது. அப்படிச் சுருக்கினால் மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேல், அதாவது 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல், எதுவும் மிஞ்சாது. நீலத் திமிங்கிலம் பிழைத்துக்கொள்ளும். டால்பின்களின் விசிலும், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் க்ளிக்கும் போய்விடும். இழப்பில்லாமல் சுருக்கும் முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். பணம் ஒதுக்குபவர்களே, கப்பல் வாடகைக்கும் கருவிக்கும் பணம் தருகிறீர்கள், பதிவைச் சேமித்து வைக்கும் செலவுக்கு ஒரு வரி ஒதுக்க மாட்டேன் என்கிறீர்கள். கப்பலில் ஒரு நாள் கடலுக்குப் போகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூல ஒலியைப் பதியாமலே விடுவது சரியாக இருக்கும் இடமும் உண்டு. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாழும் வக்கீட்டா போர்பாய்ஸ், டால்பின் போன்ற ஒரு சிறிய விலங்கு, அப்படித்தான் கண்காணிக்கப்பட்டது. ஒவ்வொரு க்ளிக்கின் நேரத்தையும் தன்மையையும் மட்டும் குறித்துக்கொள்ளும் கருவிகளை அங்கே கட்டம் கட்டமாக இறக்கினார்கள். கருவி மாதக்கணக்கில் தாங்க வேண்டியிருந்தது, கேள்வியும் ஒன்றுதான். அந்தக் க்ளிக் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சரிந்ததைக் காட்டித்தான் அந்த இனம் எவ்வளவு வேகமாக அழிகிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அது தெரிந்து எடுத்த முடிவு. பதிந்து முடித்த பிறகு இடமில்லை என்று அழிப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது ரகசியம். கடற்படைகளுக்கு இதில் நியாயமான கவலை இருக்கிறது. எந்தக் கப்பல் எப்போது எங்கே போனது என்று பதிவில் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள்தான் இதற்கு வழியும் காட்டியவர்கள். பனிப்போர்க் காலத்தில் சோவியத் நீர்மூழ்கிகளைக் கேட்க அமெரிக்கக் கடற்படை போட்ட சோசஸ் என்ற வலையமைப்பு 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரே ஒரு நீலத் திமிங்கிலத்தை 43 நாள் குரலாலேயே பின்தொடர முடிந்தது. 52 ஹெர்ட்ஸில் தனியாகப் பாடிய ஒரு திமிங்கிலத்தின் பாதையை 12 ஆண்டு வரைந்ததும் அதே வலையமைப்பை வைத்துத்தான். கனடாவின் கடலடிக் கேபிள் வலையமைப்பில், கடற்படை தனக்குச் சிக்கலான நேரத்துப் பதிவை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை விடுகிறது. இடையில் ஓட்டை விழத்தான் செய்யும். பரவாயில்லை, ஓட்டை எங்கே என்று குறித்துக் கொடுத்தால் போதும். ஓராண்டு, ஐந்தாண்டு தாமதித்துக் கொடுங்கள், அதுவும் போதும். எங்களுக்கு அவசரமில்லை. அழிந்துவரும் இனங்கள் நிற்கும் இடத்தை உடனுக்குடன் ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதால் தாமதம் நல்லதும்கூட.

'முதலில் நாங்கள் கட்டுரை எழுதிக்கொள்கிறோம்' என்று சொல்லும் ஆய்வு நிலையங்களுக்கும் அதே பதில். எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பிறகு திறந்துவிடுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் உள்ள மான்டெரே விரிகுடாவில் 900 மீட்டர் ஆழத்தில் 2015 முதல் ஓடும் ஹைட்ரோபோனின் பதிவு முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை இது.

பதிவோடு சேர்ந்து வர வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோபோனின் உணர்திறன் அளவு இல்லாவிட்டால் அந்த ஒலி எவ்வளவு பலமானது என்று ஒருபோதும் சொல்ல முடியாது. கப்பல் இரைச்சல் கூடியதா குறைந்ததா என்ற கேள்வி அங்கேயே செத்துவிடும். கடிகாரம் எவ்வளவு பிசகியது என்ற குறிப்பும் வேண்டும். பல கருவிகளுக்கு ஒலி வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான் திமிங்கிலம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஒரு நொடி பிசகினால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப்போகும். இவற்றோடு ஆழம், இடம், இறக்கிய தேதி, எடுத்த தேதி. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம் காணாமல் போனதால் பயனற்றுப்போன நல்ல பதிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களில் பழைய நிலையங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கிடங்கில் காந்த நாடாச் சுருள்கள் இருக்கும். 1970, 1980களுடையவை. அந்த நாடாக்களின் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும், ஓட்டிப் பார்க்கும் இயந்திரங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து ஒரு பட்டியலாவது வெளியிடுங்கள். கேட்டுப் பிரிக்க எங்களைப் போன்றவர்கள் வருவோம்.

அடுத்த முறை உங்கள் கருவி மேலே வந்து, உப்புநீர் சொட்டச் சொட்டத் தளத்தில் கிடக்கும்போது, நினைவக அட்டையை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கலாமா என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். இரண்டு பிரதி எடுத்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் பதிவுகளைக் கேட்பவர்களில் ஒருவன்