மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும், அண்ணி

டொரான்டோ,
டிசம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? டிசம்பர் பிறந்தால் இந்த ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் வெளியே போக மனம் வராது, அதனால் குளிர்காலம்தான் இங்கே வாசிப்புக் காலம். காதலும் மந்திரமும் கலந்த ஆங்கில நாவல்களில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று போனில் கேட்டீர்கள். பேச்சில் முடிகிற விஷயமில்லை, விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், இங்கே புத்தகம் கிடைக்கும் விதம். டொரான்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள். இந்த ஊரில் குடியிருப்பதற்குச் சான்று காட்டினால் அட்டை இலவசம். ஒரு புத்தகத்தை 21 நாள் வைத்திருக்கலாம். வேறு யாரும் முன்பதிவு செய்திருக்காவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணத்தை 2022 இல் எடுத்தே விட்டார்கள். லிபி என்ற செயலியில் மின்நூலும் உண்டு, தவணை முடிந்ததும் அது தானாகவே திரும்பிப் போய்விடும். சிக்கல் எங்கே என்றால், பேர்பெற்ற நாவலுக்கு வரிசை வாரக்கணக்கில் நீளும். தொடர் நாவலாக இருந்தால், முதல் பாகம் கைக்கு வந்த அன்றே அடுத்த பாகத்துக்கும் பதிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யார் யாருக்கு எதிரி என்பது மறந்துபோன பிறகுதான் இரண்டாம் பாகம் வந்து சேரும்.

காலேஜ் தெருவில் லிலியன் ஸ்மித் கிளை இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் சிறகு முளைத்த வெண்கல விலங்குகள் காவல் நிற்கும். ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் 1970 இல் தன்னிடமிருந்த சுமார் 5,000 நூல்களை நூலகத்துக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த அறிவியல் புனைவு, மாயப் புனைவுத் தொகுப்பு இங்கேதான் இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பழைய பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

காதல் நாவலுக்கும் கனடாவில் பெரிய வரலாறு உண்டு. ஹார்லெக்வின் பதிப்பகம் 1949 இல் வின்னிபெக்கில் தொடங்கி, 1971 இல் இங்கிலாந்தின் ‘மில்ஸ் அண்ட் பூன்’ பதிப்பகத்தை வாங்கியது. தலைமையகம் இப்போது டொரான்டோவில். நம் ஊர் வாடகை நூலகங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த அந்த மெலிந்த புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவை வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கின்றன: கடைசியில் இருவரும் சேர்வார்கள். எப்படிச் சேர்வார்கள் என்பதற்காகத்தான் படிக்கிறோம். மாயப் புனைவில் அப்படி எந்த வாக்கும் கிடையாது, அங்கே யாரும் சாகலாம். இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் எழுதுகிறவரின் திறமை தெரிந்துவிடுகிறது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த உலகத்தின் மந்திர விதியைக் கதையிலிருந்து உருவி எடுத்துவிட்டால், காதல் அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்த மந்திரம் வெறும் திரைச்சீலை. நம் வேதாளக் கதையில், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் கதையே இல்லை. காதலுக்கும் இப்படி ஒரு நிபந்தனை வேண்டும், அதற்கு இருவரில் ஒருவராவது விலை கொடுக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்த நாவல் நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’ (2015). அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் கொடுக்கிற நெபுலா விருது வாங்கியது, ஒரே பாகத்தில் முடிவது. போலந்து நாட்டுப்புறக் கதைகளின் மண். பக்கத்திலிருக்கும் காடு கெட்டது, உள்ளே போனவர்களை நஞ்சாக்கித் திருப்பி அனுப்பும். அதைத் தடுத்து நிற்கும் மந்திரவாதி பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெண்ணைத் தன் கோபுரத்துக்கு அழைத்துப்போவான். அழகி காஸ்யாவைத்தான் அழைத்துப்போவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவன் ஆக்னியெஷ்காவைத் தேர்ந்தெடுக்கிறான். அவனுடைய மந்திரம் எழுத்துப் பிசகாத உச்சரிப்பு. அவளுக்கு அது வரவே வராது. சொல்லிப் பார்த்தால் உடம்பு துவண்டுபோகிறது. அவளுடையது பாட்டை முணுமுணுத்தபடி வழி கண்டுபிடித்துப் போகிற மந்திரம். இருவரும் சேர்ந்து ஒரு ரோஜாவின் மாயத் தோற்றத்தை உருவாக்கும் இடம் வருகிறது பாருங்கள், அங்கே ‘காதல்’ என்று ஒரு சொல் கிடையாது, ஆனால் ஒருவர் மந்திரத்துக்குள் மற்றவர் நுழைவதைவிட நெருக்கமான காட்சியை இந்த வகை நாவல்களில் நான் படித்ததில்லை. குறையும் உண்டு. மந்திரவாதி வயதில் நூறைத் தாண்டியவன், ஆரம்பத்தில் அவளை ஏளனமாகவே நடத்துகிறான், அது பலருக்கு ஒவ்வாது. தலைநகர அத்தியாயங்களில் அவன் இல்லாததால் கதையின் சூடு குறைகிறது. வெளிப்படையான படுக்கையறைக் காட்சி ஒன்றும் உண்டு.

நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) இன்னும் கெட்டியான நாவல். வட்டிக்குக் கொடுப்பவரின் மகள் மிரியம், ‘வெள்ளியைப் பொன்னாக்குவேன்’ என்று சொன்ன பேச்சு பனிநாட்டு அரசன் காதில் விழுகிறது. அந்த இனத்தில் ஈடு இல்லாமல் எதையும் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார்கள். மிரியத்துக்கும் அந்த அரசனுக்கும் நடக்கும் திருமணமே ஒரு கணக்கு வழக்காகத் தொடங்குகிறது. மெல்ல மெல்ல மதிப்பு பிறக்கிற விதம் அருமை. ஆனால் பலர் மாறி மாறி ‘நான்’ என்று சொல்லும் கதை இது, தலைப்பில் பெயர் போடமாட்டார்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதல் சில வரிகளை நிதானமாகப் படித்து, பேசுவது யார் என்று உறுதிசெய்துகொண்டு மேலே போங்கள். காதலை எதிர்பார்த்து வாங்கினால் பாதி வரை ஏமாற்றமாக இருக்கும்.

இப்போது ரயிலில் எல்லோர் கையிலும் இருப்பது ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023). டிராகன் ஏறிப் போரிடக் கற்றுத்தரும் கல்லூரி. நாயகி வயலெட்டின் தாய் படைத்தலைவி. நாயகன் ஸேடனின் தந்தை கலகம் செய்து கொல்லப்பட்டவர். பகைக்குக் காரணம் உறுதியாக இருக்கிறது. அதற்கு மேல், இருவரின் டிராகன்களும் ஒன்றுக்கொன்று துணை. அவை நெடுநாள் பிரிந்திருக்க முடியாது, டிராகனோ அதில் ஏறுபவரோ, ஓர் உயிர் போனால் மற்ற மூன்றும் போகலாம். வெறுத்தாலும் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற இந்த ஒரு விதிதான் ஐந்நூறு பக்கத்தைத் தூக்கி ஓடுகிறது. மொழி சாதாரணம், வீரர்கள் இன்றைய கல்லூரி மாணவர்கள் மாதிரியே பேசுகிறார்கள்.

அடுத்த பாகமான ‘அயர்ன் ஃபிளேம்’ அதே ஆண்டு நவம்பரில் வந்தது. இந்த வகைத் தொடர்கள் எங்கே வழுக்குகின்றன என்பதற்கு அது நல்ல சான்று. முதல் பாகத்திலேயே காதலர்கள் சேர்ந்துவிட்டார்கள், இனி எதை வைத்து நகர்த்துவது? ஆசிரியர் ரகசியத்தை எடுக்கிறார். அவன் மறைப்பதும் அவள் கோபிப்பதுமாகப் பல அத்தியாயங்கள். உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் தீர்ந்துவிடும் சண்டை. முதல் பாகத்தில் அவர்களைக் கட்டிப்போட்டது உலகத்தின் விதி, இங்கே கட்டிப்போடுவது ஆசிரியரின் கை. அதுதான் சலிப்புக்குக் காரணம்.

சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ (2015) பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டீர்கள். முதல் பாதி மெதுவாகப் போகும், மாளிகையும் தோட்டமும் விருந்துமாக. கடைசி மூன்றில் ஒரு பங்கில் நாயகிக்குச் சோதனைகள் வரும்போதுதான் உயிர் வருகிறது. அதுவரை பொறுக்க முடிந்தால் படியுங்கள். இரண்டாம் பாகம் இதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது, முதல் பாகத்துக் காதலையே அது கேள்வி கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: முதலில் இளையோர் நூலாக விற்று, பிறகு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிய தொடர் இது. பழைய அட்டையைப் பார்த்துப் பாப்பாவுக்கு வாங்கிவிடாதீர்கள்.

பாப்பாவுக்கு டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’ (1986) போதும். தொப்பிக் கடைப் பெண் சோஃபி ஒரு சாபத்தால் கிழவியாகிறாள். கிழவியானதும் அவளுக்கு யாரிடமும் பயமில்லை, வாய் திறந்து பேசத் தொடங்குகிறாள். சாபமே அவளை விடுவிக்கிறது. சின்னப் புத்தகம், ஒரு வரி வீண் இல்லை. அவள் படித்து முடித்ததும் அவளிடமிருந்து வாங்கி நீங்களும் படியுங்கள்.

வாங்குமுன் கிண்டிலில் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. முதன்முதலாக யாராவது மந்திரத்தைப் பயன்படுத்தும் இடம் வரை படியுங்கள். அதனால் அவருக்குக் களைப்போ கடனோ இழப்போ வருகிறதா? வராவிட்டால் கடைசி அத்தியாயத்திலும் எல்லாம் சுலபமாகவே தீர்ந்துவிடும். அடுத்து, காதலர்கள் முதலில் சந்திக்கும் பக்கம். கண்ணின் நிறத்தையும் தோளின் அகலத்தையும் தவிர வேறு எதுவும் சொல்லாமல் பக்கம் முடிந்தால் வைத்துவிடலாம்.

அண்ணன் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் ‘அப்ரூட்டட்’டையும் ‘ஹௌல்’லையும் மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். ‘ஃபோர்த் விங்’ தொடரை மொத்தமாகக் கட்டித் தருவார்கள், முதல் பாகம் மட்டும் போதும் என்று கேட்டு வாங்க வேண்டும். படித்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த மந்திரவாதியை நீங்கள் மன்னிப்பீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்