கையோடு கொண்டுபோகும் ரிக்கில் எதை முதலில் மாற்றுவது?

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சின்ன ரிக் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) வைத்திருக்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "இதில் இன்னும் என்ன பார்ட் போடலாம்?" என்பதுதான். பெரும்பாலும் யாயெசு நிறுவனத்தின் எஃப்டி-817, 817என்டி, பிறகு வந்த 818 ஆகியவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். 818-இன் தயாரிப்பும் நின்றுபோனதால், கையில் இருப்பதை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் பேட்டரி, அடுத்து ஆன்டெனா. ரிக்கின் மூடியைத் திறப்பதெல்லாம் அப்புறம்தான்.

817 சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே 450 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 5 வாட்டில் அனுப்பும்போது 2 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசி, மீதி நேரம் கேட்கிறீர்கள் என்றால் சராசரி முக்கால் ஆம்பியரைத் தொடும். உள்ளே இருக்கும் 9.6 வோல்ட், 1400 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் பேட்டரி புதிதாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் தாங்காது. தவிர, அந்தப் பேட்டரியில் ஓடும்போது ரிக் இயல்பாக 2.5 வாட்டுக்கு இறங்கிக்கொள்ளும். 5 வாட் போகிறது என்று நம்பிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். திரையில் பவர் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளியே வைக்க நாங்கள் சொல்வது நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6. சார்ஜ் தீரும் நேரம் வரை வோல்டேஜ் பெரிதாக இறங்காமல் நிற்பதுதான் அதன் சிறப்பு. 3 ஆம்பியர்-மணி உள்ள ஒன்று இருந்தால் மேலே சொன்ன கணக்கில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஒரு எச்சரிக்கை: 817 தாங்குவது 8 முதல் 16 வோல்ட் வரைதான். டிரோனுக்கும் பொம்மைக் காருக்கும் போடும் நான்கு செல் லித்தியம் பேக் முழு சார்ஜில் 16.8 வோல்ட் காட்டும். அதை மாட்டாதீர்கள். மூன்று செல் பேக் என்றால் 12.6, அது சரி.

பேட்டரி வாங்கியவர்கள் கேபிளில் கோட்டை விடுகிறார்கள். 817-இன் பின்னால் இருக்கும் டிசி பிளக் மிகச் சிறியது, லேசாக இழுத்தாலே தொடர்பு விட்டுவிடும். ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு வயர் எடுத்து, ஒரு முனையில் அந்த பிளக், மறுமுனையில் ஆண்டர்சன் பவர்போல் (இழுத்தால் எளிதாகக் கழன்றுகொள்ளும் மின் இணைப்பான்) போட்டு, வயரை ரிக்கின் தோள்பட்டி வளையத்தோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். யாராவது கேபிளில் கால் தடுக்கினால் இழுவை பவர்போலில் விழும், பிளக் தப்பிக்கும். ஃப்யூஸ் பேட்டரி பக்கம் இருக்கட்டும்.

இனி ஆன்டெனா. 817-உடன் வரும் ரப்பர் குச்சி 50, 144, 430 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே. எச்எஃப்-க்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) வயர்தான் கட்ட வேண்டும். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அரை அலை வயரின் நீளம் மீட்டரில் வரும். 14.2-க்குப் பத்து மீட்டர், 7.1-க்கு இருபது. அதை ஒரு முனையில் 49-க்கு 1 (மின்மறுப்பு விகிதம்) டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஊட்டினால் டியூனர் (ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்தும் கருவி) இல்லாமலே வேலை நடக்கும். வயரைக் கணக்கை விடச் சற்று நீளமாக வெட்டி, நுனியை மடித்து வைத்து, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பார்த்துக்கொண்டே சரிசெய்யுங்கள். உயரம், பக்கத்து மரம், ஈரத் தரை எல்லாமே அந்த நீளத்தை அசைக்கும். மின்கம்பி அருகில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். இடி கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

பை கனக்கக் கூடாது என்று மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் (ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ்) கேட்பவர்கள் உண்டு. எச்எஃப்-இல் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல்தான் போகும், பரவாயில்லை. அதே பத்து மீட்டர் 430-இல் ஆறு டெசிபெல்லைத் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட்.

இன்னொன்று, 817-க்கு ஆன்டெனா வாய் இரண்டு. முன்னால் பிஎன்சி, பின்னால் பெரிய திருகு வாய். எந்த அலைவரிசைப் பட்டைக்கு எந்த வாய் என்பதை மெனு முடிவு செய்கிறது. முன்பக்கம் எச்எஃப் வயரை மாட்டிவிட்டு "ஒன்றுமே கேட்கவில்லை" என்று வரும் ரிக்குகளில் பலவற்றுக்கு அந்த மெனுவைத் திருத்துவதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.

"5 வாட் போதாது, 10 வாட் ரிக் வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல், அதாவது எதிர்முனை மீட்டரில் சுமார் இரண்டு எஸ் அளவு (சிக்னல் வலிமையின் படி, ஒன்று 6 டெசிபெல்). 5-இலிருந்து 10-க்குப் போனால் கிடைப்பது அரை எஸ் மட்டுமே. 2020-இல் வந்த ஐகாம் ஐசி-705 அருமையான ரிக். அலைக்கற்றையைப் படமாகக் காட்டும் திரை, விரும்பிய அகலத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஃபில்டர், உள்ளேயே ஜிபிஎஸ் என்று அதை வாங்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. பவர் அதில் சேராது. அதன் சொந்த பேட்டரியில் அதுவும் 5 வாட்தான்.

சரி, மூடியைத் திறந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பார்ட். ஒன்று, காலின்ஸ் மெக்கானிக்கல் ஃபில்டர், வேண்டாத பக்கத்து சிக்னல்களை வடிகட்டுவது. இடம் ஒன்றுதான் இருக்கிறது. மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸா, பேச்சுக்கு 2.3 கிலோஹெர்ட்ஸா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மோர்ஸ் போடுகிறவர்களுக்கு 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் உண்மையிலேயே பெரிய மாற்றம். பக்கத்து நிலையங்கள் விலகி, இரைச்சல் ஆறு டெசிபெல்லுக்கு மேல் குறையும். பேச்சு மட்டும் என்றால் நாங்கள் வற்புறுத்த மாட்டோம். இந்த ஃபில்டர்கள் இப்போது தயாராவதில்லை. கிடைப்பது பழையதாக இருக்கலாம், மாட்டிச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூடியைத் தூக்கும்போது ஸ்பீக்கர் வயர் அதோடு சேர்ந்து வரும், மெதுவாக.

மற்றது டிசிஎக்ஸ்ஓ, வெப்பநிலை மாறினாலும் அதிர்வெண்ணை நிலையாக வைக்கும் ஆஸிலேட்டர். 817-இன் இயல்பான ஆஸிலேட்டர் பத்து லட்சத்தில் நான்கு பங்கு வரை நகரும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 28 ஹெர்ட்ஸ், காதுக்குத் தெரியாது. 432-இல் 1.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும், எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சில் குரல் புரியாது. டிசிஎக்ஸ்ஓ போட்டால் 216 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். எச்எஃப் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது வீண் செலவு. 818-இல் ஏற்கெனவே உண்டு.

எஃப்டி8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஓட்டுகிறவர்கள் பவரை 2.5 வாட்டில் வையுங்கள். 15 விநாடிச் சுற்றில் 12.6 விநாடி முழு பவர் போகும், சின்ன உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும்.

சோதனைக்கு வரும்போது ரிக்கை மட்டும் தூக்கி வராமல், வெளியே பயன்படுத்தும் பேட்டரி, பவர் கேபிள், கோஆக்ஸ், ஆன்டெனா எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள். எந்தப் பட்டையில், எந்த முறையில் அதிகம் பேசுகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். முதலில் அவற்றை அளந்து பார்ப்போம். பார்ட் தேவையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
விற்பனை மற்றும் பழுதுபார்ப்புப் பிரிவினர்