கடற்கரை மணலில் புல்தரை: மேலே செம்மண் கொட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை புதிதாக எழும்பும் வீடுகளில், கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு லாரி செம்மண் வாசலில் வந்து இறங்கும். அதை மணல்மேல் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, தண்ணீர் தெளித்து, மறுநாள் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்த புல் பத்தைகளை நெருக்கி அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விசேஷத்தன்று பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத்தான் இருக்கும். சித்திரை பிறப்பதற்குள் அது வைக்கோல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். வெயில் என்பார்கள், கிணற்று நீரில் உப்பு என்பார்கள். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பல வீடுகளில் கோளாறு புல்லுக்கு அடியில், மண்ணைத் தயார் செய்த விதத்தில்தான் இருக்கிறது என்பதை என் வீட்டிலேயே கண்டறிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. முன்புறம் 600 சதுர அடி வெற்றிடம். தோண்டினால் மூன்றடிக்கும் வெறும் மணல், இடையிடையே உடைந்த கிளிஞ்சல். மேலே சொன்னபடியே செம்மண் பரப்பிப் புல் பதித்தோம். ஐந்து மாதம் கழித்து, மே மாத இறுதியில், காய்ந்த திட்டு ஒன்றின் ஓரத்தில் மண்வெட்டியை நுழைத்துத் தூக்கினேன். பாயைச் சுருட்டுவது போலப் புல்லும் செம்மண்ணும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. புரட்டிப் பார்த்தால், வேர்கள் செம்மண்ணின் அடிப்பரப்பு வரை வந்து, அங்கிருந்து கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, வலை பின்னியது போலப் படர்ந்திருந்தன. அன்று காலையில்தான் குழாயைத் திறந்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டிருந்தேன். அப்படியிருந்தும் அடியிலிருந்த மணல் விரலிடுக்கில் பொலபொலவென உதிர்ந்தது.

இதற்கான காரணம் எளிமையானது என்றாலும், புல் பதிக்கும் ஒப்பந்தக்காரர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. செம்மண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை; அவற்றுக்கு இடையிலுள்ள சிறு துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணலின் துளைகள் பெரியவை. அவற்றுக்கு நீரை இழுக்கும் திறன் குறைவு. ஈரத் துணியைச் சல்லடைமேல் விரித்தால் துணி சொட்டச் சொட்ட நனையும் வரை சல்லடை வழியே ஒரு துளியும் இறங்காதது போல, மேல்தட்டு ஏறக்குறைய முழுவதும் நிறைந்த பிறகுதான் நீர் மணலுக்குள் போகும். ஆகவே கோடையில் நாம் ஊற்றும் தண்ணீர் அந்த இரண்டு அங்குலத்திலேயே நின்று வெயிலில் ஆவியாகிவிடுகிறது. ஐப்பசி மழையிலோ அதே இரண்டு அங்குலம் சேறாகி வேரை அழுகச் செய்கிறது. கோல்ஃப் மைதானங்களில் இந்த இயல்பையே திட்டமிட்டுப் பயன்படுத்தி, 4 அங்குலச் சரளைக்கல்லின்மேல் 12 அங்குல மணற்கலவையை நிரப்பி, ஈரம் உடனே கீழே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே வேருக்கு ஓரடி ஆழம் கிடைக்கிறது. நாம் கொடுப்பது இரண்டு அங்குலம்.

ஆகவே மணற்பாங்கான இடத்தில் வேற்று மண்ணைத் தட்டாகப் போடாமல், மக்கிய பொருளை மணலோடு கலக்க வேண்டும். ஓரடி ஆழ மணலில் செடி உறிஞ்சிக்கொள்ளும்படி தங்கும் நீர் ஓர் அங்குல மழைக்கும் குறைவானதே. உரச்சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் மணலுக்கு அதே அளவில் குறைவு. இரண்டையும் ஒருசேரக் கூட்டுவது நன்கு மக்கிய எருவும் கம்போஸ்டும்தான். இரண்டு அங்குல உயரத்துக்குக் கம்போஸ்டைப் பரப்பி, ஆறு அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, எருவும் மணலும் தனித்தனியாகத் தெரியாதபடி கலக்க வேண்டும். என் 600 சதுர அடிக்கு இந்தக் கணக்கில் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் தேவைப்பட்டது. செம்மண்ணுக்குக் கொடுத்த அதே லாரி வாடகைதான். கூடுதலாக ஆனது இரண்டு ஆட்களின் இரண்டு நாள் கூலி. அந்தக் கூலியை மிச்சப்படுத்தப் போய்த்தான் முதல் தடவை புல்லையே இழந்தேன்.

எருவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. கையில் எடுத்தால் சூடு இல்லாமல், மழை பெய்த மண்ணின் வாசனையோடு, எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாதபடி மக்கியிருக்க வேண்டும். பாதி மக்கிய சாணக் குப்பையோடு வண்டுப் புழுக்கள் வந்து சேரும். காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் பெருகுகிறது என்பதும், தென்னைமரம் உள்ள வீட்டில் அதனால் வரும் இழப்பும் தென்னை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். தென்னை நார்க்கழிவைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும் நல்ல பொருள் அது, மறுக்கவில்லை. ஆனால் பச்சை நார்க்கழிவை அப்படியே கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ள, புல் வெளிறிப் போகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதை மக்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகவே சொல்லிக் கொடுத்து வருகிறது. கட்டியாக விற்கும் நார்க்கழிவை வாங்கினால், ஊற வைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்து உப்பைக் கழுவிய பிறகே கலக்க வேண்டும். கிணற்று நீரிலேயே உப்பு இருக்கும் நம் பகுதிக்கு இது இன்னும் அவசியம்.

அதற்கும் முன்பு செய்ய வேண்டிய ஒன்றை நான் விட்டுவிட்டேன். கட்டட வேலை முடிந்த இடத்தில் மணலுக்கு அடியில் சிமென்ட் கட்டியும் காரைத் துண்டும் டைல்ஸ் சில்லும் புதைந்து கிடக்கும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணல் இயல்பாகவே காரத்தன்மை உடையது. சிமென்ட்டும் சேர்ந்தால் அது கூடும், இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் புல்லுக்குக் கிடைக்காமல் இலை மஞ்சளாகும். இந்த மஞ்சளைக் கண்டுதான் பலர் யூரியாவை அள்ளித் தெளிக்கிறார்கள். அது அந்த நோய்க்கு மருந்து இல்லை. இடிபாட்டை முழுதும் பொறுக்கி எடுத்துவிட்டு, நாலைந்து இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலையையும் உப்பின் அளவையும் தெரிந்துகொண்ட பிறகு மற்ற செலவுகளில் இறங்குவதே முறை.

கலந்து முடித்ததும் உடனே பத்தையை இறக்கிவிடக் கூடாது. நன்றாக நீர் பாய்ச்சி, பத்துப் பதினைந்து நாள் சும்மா விட வேண்டும். பள்ளம் மேடு இந்த நாட்களில் தெரிந்துவிடும்; கோரையும் தலைகாட்டிவிடும். கோரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கிருந்தோ அள்ளி வரும் செம்மண்ணோடு கோரைக்கிழங்கும் கூடவே வருகிறது. புல்தரைக்குள் புகுந்த பின் மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கி, ஒன்றுக்கு நாலாக முளைக்கும். வெறும் மணலாக இருந்த எங்கள் வாசலில் முன்பு ஒரு கோரைகூட இருந்ததில்லை. செம்மண் வந்த ஆண்டிலிருந்து இன்றுவரை குனிந்து எடுத்துக்கொண்டேயிருக்கிறேன். முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி அகற்றி, வீட்டுச் சுவரிலிருந்து நீர் விலகி ஓடும்படி லேசான சரிவு கொடுத்து, நடைபாதைக் கல்லின் மட்டத்துக்கு ஓர் அங்குலம் தாழ நிரவி, உருளையை ஒருமுறை ஓட்டினால் தரை தயார். காலடி பட்டால் தடம் லேசாகப் பதிய வேண்டும்; கால் புதையக் கூடாது.

பத்தைகள் வெட்டிய அன்றே பதிக்கப்பட வேண்டும். அடுக்கி வைத்தால் உள்ளே வெந்துவிடும். தரையை முதலில் நனைத்துவிட்டு, செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி அடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை நீர்; வேர் பிடித்தபின் இடைவெளி விட்டு ஆழமாக. ஒன்றை மறைக்கக் கூடாது: நம் ஊர் வெப்பத்தில் கம்போஸ்ட் நிலைத்து நிற்காது. ஓரிரு ஆண்டில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை சலித்த கம்போஸ்டைக் கால் அங்குலம் மேலே தூவி வர வேண்டும். என் கருத்தில் இந்த வேலைகளுக்கு ஏற்ற பருவம் தை மாதம். மழை முடிந்து கிணற்றில் நீர் உயர்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

இவ்வளவு தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் புல்தரை எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்ததை நாம் மறக்கவில்லை. 600 சதுர அடிக்கு ஓர் அங்குல நீர் என்பது ஏறத்தாழ 1,400 லிட்டர். அதனாலேயே மண்ணைத் தயார் செய்வதை நான் வலியுறுத்துகிறேன். ஈரத்தைத் தாங்காத மணலில் இதே அளவை வாரத்துக்கு எத்தனை முறை ஊற்றினாலும் வேருக்குப் போதாது. இரண்டாம் முறை மண்ணைக் கலந்து, அருகம்புல் வகையைப் பதித்த பிறகு, தினமும் ஓடிய குழாய் வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. சென்ற மே மாதம் அதே இடத்தில் மண்வெட்டியை இறக்கிப் பார்த்தபோது வெள்ளை வேர் ஐந்து அங்குலம் இறங்கியிருந்தது.

திருவான்மியூரிலிருந்து தெற்கே நீளும் இந்த மணற்பரப்புதான் மழைநீரைச் சேர்த்து வைத்துக் கடல்நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. அதன்மேல் களித்தன்மையுள்ள மண்ணை வீட்டுக்கு வீடு தட்டாகப் போட்டு இறுக்குவது, மழைநீர் இறங்கும் வழியை நாமே அடைப்பதாகும். மணலில் மொத்தமாகக் கொட்டும் யூரியாவும் புல்லில் நிற்காமல் அக்கம்பக்கத்துக் கிணறுகளில்தான் சேரும். உரம் இட்டே ஆக வேண்டுமானால் சிறுகச் சிறுகப் பிரித்து இட வேண்டும். தவிர, நம் வாசலுக்கு வரும் ஒவ்வொரு லாரிச் செம்மண்ணும் ஏதோ ஒரு கிராமத்து நிலத்தின் மேல்மண் என்பது என் மனத்தை உறுத்துகிறது.

எனவே இரு வேண்டுகோள்கள். மாநகராட்சிப் பூங்காக்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் புல்தரை அமைக்கும் ஒப்பந்தங்களில், இத்தனை சதுர அடி புல் என்பதோடு நிறுத்தாமல், மண்ணைக் கலக்கும் ஆழத்தையும் கம்போஸ்டின் அளவையும் தனி இனமாகச் சேர்த்து, பத்தை பதிப்பதற்கு முன்பே பொறியாளர் நேரில் தோண்டிப் பார்த்து அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். பதித்த பிறகு அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்து, மக்கும் குப்பையிலிருந்து மாநகராட்சி தயாரிக்கும் உரத்தைச் சலித்து, உப்பின் அளவைச் சோதித்து, யூனிட் கணக்கில் கடற்கரைப் பகுதி மக்களுக்கு விற்க ஏற்பாடு செய்ய வேண்டும். தை மாதத்துக்கு முன்பு இது நடந்தால், வரும் ஆண்டு வீடு குடிபுகுவோராவது செம்மண் லாரிக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஈஞ்சம்பாக்கம் வாசகர்