முயல் காது ஏன் உடைகிறது: ஒரு பதில் கடிதம்

கெம்னிட்ஸ்,
பிப்ரவரி 2026

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மகளின் பள்ளி மாற்றம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். குளிர் இன்னும் விடவில்லை, ஆனால் கடைகளில் முயலும் முட்டையும் வந்து நிரம்பிவிட்டன. இந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5. மார்ச் நடுவில் ஃபோர்சித்தியா செடியின் கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் பண்டிகைக்குச் சரியாக மஞ்சள் பூ விரியும். அதற்குள் அதில் தொங்கவிட வேண்டிய மர முயலும் முட்டையும் பறவையும் தயாராகிவிட வேண்டும். இன்றே தொடங்கினால் நிதானமாகவே செய்யலாம்.

ஈஸ்டருக்காக நீ மரப்பலகையில் வெட்டும் உருவங்களில் முயல் காது உடைகிறது, அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பிய்கிறது, ஓரம் கருகுகிறது, பறவை தலைகீழாகக் குப்புற விழுகிறது என்று எழுதியிருந்தாய். இதற்காக விலை கூடிய ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மேசை மின்ரம்பம்) வாங்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். படங்களை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இதில் எதுவும் இயந்திரத்தால் வந்த குறை இல்லை. பலகையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, பிளேடு எது, துளை எங்கே என்ற மூன்றையும் கவனித்தால் உன்னிடம் உள்ள சிறிய ரம்பமே போதும்.

முதலில் காது. 3 மில்லிமீட்டர் பிர்ச் மரப் பிளைவுட்டில் மூன்று அடுக்குகள் இருக்கும். மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நார் ஒரே திசையில் ஓடும், நடு அடுக்கில் அதற்குக் குறுக்கே ஓடும். ஆகவே பலகை ஒரு திசையில் விறைப்பாகவும் மறு திசையில் எளிதில் வளைவதாகவும் இருக்கும். உன் முயல்களில் மேல் நார் காதுக்குக் குறுக்கே போகிறது. அப்படியானால் காதைத் தாங்குவது மெல்லிய நடு அடுக்கு மட்டும்தான். வரைபடத்தைத் திருப்பி ஒட்டு. காதின் நீளமும் மேல் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும். பலகையின் நீளவாட்டில்தான் நார் ஓடும் என்று நம்பிவிடாதே, வெட்டி விற்கும் சிறு பலகைகளில் இரண்டு விதமும் வரும். மேல் ரேகை தெளிவாகத் தெரியாவிட்டால் பலகையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் எதிர்க்கிறதோ அதுவே நாரின் திசை. இதோடு, காது தலையோடு சேரும் இடம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீ வரைந்ததில் அது 5 கூட இல்லை. காதுகள் சேரும் உள்மூலையைக் கூராக விடாமல் வளைவாக்கு. கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

இங்கே ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலையில் ஸைஃபன் கிராமத்துப் பொம்மைகளை நீ பார்த்திருப்பாய். சுரங்கத் தொழில் நலிந்தபோது கடைசல் தொழிலுக்குத் திரும்பிய ஊர் அது. அங்கே ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தின் வட்டத் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து வளையமாகக் கடைவார்கள். வளையத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதைக் கத்தியால் துண்டு துண்டாகப் பிளந்த பிறகுதான் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மிருகம் தெரியும். நார் வழியே பிளப்பதால்தான் அது அவ்வளவு சுத்தமாகப் பிரிகிறது. மின்கருவியால் செய்வது கைவேலை ஆகுமா என்ற உன் தயக்கத்துக்கும் இதுவே என் பதில். அந்த ஊரின் பெருமையே சுழலும் இயந்திரத்தில் வளர்ந்ததுதான். மரத்தைப் படிக்கத் தெரிந்தவர் கையில் இருக்கும்வரை மோட்டார் ஓடுவதால் வேலையின் மதிப்பு குறைவதில்லை.

இனி அடிப்பக்கச் சிராய். ஸ்க்ரோல் சாவின் பற்கள் கீழ்நோக்கி இருக்கும், பலகையை விட்டு வெளியேறும்போது அடி அடுக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். இதற்கென்றே, கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் பிளேடு கிடைக்கிறது. கடையில் ‘ரிவர்ஸ் டூத்’ என்று கேள். மாட்டும்போது அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்றாவது, ரம்பத்தின் கை மேலே வந்த நிலையில் மேசை மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பிளேடு வாங்கியும் பயனில்லை. இன்னொன்று, மேசையின் நடுத்துளை பெரிதாக இருந்தால் மெல்லிய பலகைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும். 3 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளேடை அதன் வழியே விட்டு, துண்டை மேசையோடு டேப்பால் ஒட்டிவிடு. பாதிச் சிராய் இதிலேயே நின்றுவிடும். கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சா ரம்பத்தில் இது நேர்மாறு. அதன் பற்கள் மேல்நோக்கி வெட்டும், எனவே மேல்முகம்தான் பிய்யும். அதில் வெட்டும்போது நல்ல முகத்தைக் கீழே வை.

பிளேடின் அளவு எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். 3, 4 மில்லிமீட்டர் தனிப்பலகைக்கு 2 அல்லது 3ஆம் எண். நான்கு பலகையை அடுக்கி 12 மில்லிமீட்டராக வெட்டினால் 5ஆம் எண். 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் 7 அல்லது 9. சிறிய எண் தடித்த மரத்தில் வளையும். பெரிய எண் மெல்லிய பலகையில் சிறு வளைவுக்குத் திரும்பாது. பிளேடை இறுக்கியபின் விரலால் சுண்டினால் தெளிவாக ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்ச்சி, வெட்டும்போது கோடு அலையும்.

கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய பிளேடு. பிளைவுட்டில் உள்ள பசை பற்களைச் சீக்கிரம் தின்றுவிடும். அரைமணி நேரம் தொடர்ந்து வெட்டியபின் தள்ளுவதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டால் பிளேடை மாற்றிவிடு, அதோடு மல்லுக்கட்டாதே. அதிக வேகத்தில் ஓட்டிக்கொண்டு பலகையை மெதுவாக நகர்த்தினாலும் கருகும். வரைபடத்தின் மேல் சாதாரண பேக்கிங் டேப் ஒரு வரிசை ஒட்டிவிட்டு வெட்டினால் பிளேடு வழுவழுப்பாகப் போகும், கருகலும் நன்றாகக் குறையும். ஒட்டும் வரிசையைச் சொல்கிறேன்: பலகையின் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் குளூ ஸ்டிக்கால் காகிதம், அதற்கும் மேல் பேக்கிங் டேப். வேலை முடிந்ததும் மாஸ்கிங் டேப்பை உரித்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். காகிதத்தை நேரே மரத்தில் ஒட்டிவிட்டு அப்புறம் சுரண்டிச் சுரண்டி மேலடுக்கைக் கெடுக்காதே.

நேராகத் தள்ளினாலும் கோடு ஒரு பக்கம் இழுக்கிறது என்று எழுதியிருந்தாயே, உன் கை சரியாகத்தான் இருக்கிறது. அச்சில் அடித்துச் செய்த பிளேடுகளில் ஒரு பக்கம் மட்டும் பிசிறு இருக்கும், அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். கழிவுத்துண்டில் ஒரு நேர்கோடு வரைந்து, எந்தக் கோணத்தில் தள்ளினால் கோட்டிலேயே போகிறது என்று பார்த்துக்கொண்டு அதே கோணத்தில் வெட்டு.

முட்டைக்குள் நீ வரைந்திருக்கும் பூவேலைக்கு உள்வெட்டை முதலில் முடி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டு. வெளிக்கோடு முதலில் போனால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடுக்கு 5, 6 மில்லிமீட்டர் துளை வேண்டும், அந்த ஓட்டையே பூவிதழைத் தின்றுவிடும். ஊசியில்லாத பிளேடுக்கு 1.5 மில்லிமீட்டர் போதும். துளை போடும்போது அடியில் ஒரு கழிவுப்பலகையை வைத்து அழுத்தினால் பின்பக்கம் பிளக்காது.

அளவைப் பற்றி என் கருத்து: முட்டை 60க்கு 45 மில்லிமீட்டர், கனம் 3. பிர்ச்சில் இது 4 கிராம் சொச்சம்தான் வரும். நீ யோசித்த 6 மில்லிமீட்டர் கனத்தில் எடை இரண்டு மடங்கு. பத்துப் பதினைந்து முட்டை தொங்கினால் ஃபோர்சித்தியா கிளை தலை சாய்ந்துவிடும், பூவும் உதிரும்.

பறவைக்கு வருகிறேன். முட்டைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இருபுறமும் சமம், நடுவில் துளை போட்டால் போதும். பறவைக்கு எடைமையம் எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது. முதலில் அதே வடிவத்தை அட்டையில் வெட்டு. ஓரத்தில் ஓர் இடத்தில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டுக் கோடு போடு. வேறோர் இடத்தில் குத்தி மறுபடி கோடு போடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் எடைமையம். பறவை எப்படி நிற்க வேண்டுமோ அப்படிப் பிடித்துக்கொண்டு, அந்தப் புள்ளிக்கு நேர் மேலே முதுகோரத்தில் 2 மில்லிமீட்டர் துளை. ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளிப் போடு, இல்லாவிட்டால் நூல் இழுத்து வாய் பிளந்துவிடும்.

இரண்டு தகடுகளைக் கோத்து நிற்கவைக்கும் முட்டை செய்யப்போவதாகச் சொன்னாய். ஒன்றில் மேலிருந்து பாதி உயரத்துக்குப் பிளவு, மற்றதில் கீழிருந்து பாதி உயரத்துக்கு. பிளவின் அகலம் பலகையின் கனத்துக்குச் சமம். ஆனால் 4 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை அப்படியே 4 இருக்காது, வெர்னியரால் அளந்துவிட்டு வரை. வண்ணம் பூசினால் கனம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள். கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டி, தட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சேர். இறுக்கித் திணித்தால் பிளவின் அடிமூலையில் உடையும்.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டையிலிருந்து முழு உருவ முயல் வெட்டுவது. இதை நீ அவசியம் செய்து பார்க்க வேண்டும். 40க்கு 40, உயரம் 80 மில்லிமீட்டர் லிண்டன் மரக்கட்டை, நார் உயரவாட்டில். ஒரு முகத்தில் முன்தோற்றம், அடுத்த முகத்தில் பக்கத்தோற்றம். இரண்டு படத்தின் உயரங்களும் மூலையில் சரியாகச் சந்திக்க வேண்டும். 7ஆம் எண் பிளேடில் முதல் முகத்தை வெட்டு. கழிவுத் துண்டுகளைத் தூக்கி எறியாதே. எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து டேப்பால் இறுகச் சுற்றி, கட்டையைத் திருப்பி அடுத்த முகத்தை வெட்டு. டேப்பைப் பிரித்தால் உள்ளே முயல் முழுதாக நிற்கும். இதற்கு ரம்பமேசையும் பிளேடும் சரியாக 90 பாகையில் இருந்தாக வேண்டும். மூலைமட்டத்தால் பார்த்தபின் இன்னொரு சோதனையும் செய்: தடித்த கட்டையில் சிறு கீற்று வெட்டி, கட்டையை அரைவட்டம் சுற்றி, பிளேடின் பின்பக்கத்தை அதே கீற்றில் நுழைத்துப் பார். தடங்கலின்றி நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் மேசை சாய்ந்திருக்கிறது, முயலும் கழிவுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது. அவசரப்பட்டுத் தள்ளாதே. அழுத்தினால் பிளேடு நடுவில் வயிறு தள்ளி, வெட்டிய பக்கம் பீப்பாய்போல் ஆகிவிடும்.

தேய்ப்பதற்கு 180, பிறகு 240 உப்புத்தாள். ட்ரெமெலில் (சுழலும் சிறு கைக்கருவி) உப்புத்தாள் உருளை மாட்டினால் வேகத்தை நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்குப் பக்கத்தில் வை. 30,000இல் ஓட்டினால் ஓரத்தில் பள்ளம் விழும், கருகவும் செய்யும். உள்வெட்டுக்கு ஐஸ் குச்சியில் உப்புத்தாளை ஒட்டிக் கையால் தேய்ப்பதே நல்லது. பிளைவுட்டின் முகத்தை மட்டும் மெஷினால் தேய்க்காதே, மேலடுக்கு அவ்வளவு மெல்லியது.

தூசைச் சாதாரணமாக எண்ணாதே. பீச், ஓக் மரத்தூசு மூக்குப் புற்றுநோயோடு தொடர்புடையது. நுண்தூசைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 முகமூடியும் கண்ணாடியும் போடு, தூசை வாக்குவம் கிளீனரால் எடு. சுழலும் கருவியில் கையுறை வேண்டாம், நூல் மாட்டினால் விரலையும் இழுக்கும்.

வண்ணம் இருபுறமும் பூசு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் 3 மில்லிமீட்டர் பலகை கிண்ணமாக வளையும். நீர்வண்ண அக்ரிலிக்கில் முதல் பூச்சு காய்ந்ததும் நார் எழும்பிச் சொரசொரக்கும். 320 தாளால் ஒரு தடவு தடவிவிட்டு இரண்டாம் பூச்சு போடு. சின்னக் குழந்தைகள் வாயில் வைக்கும் என்றால் டப்பாவில் ஐரோப்பிய பொம்மைப் பாதுகாப்புத் தரமான இஎன் 71-3 என்று இருக்கிறதா பார். லின்சீட் எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவிடு.

தோட்டத்து ஆப்பிள் மரத்தில் தொங்கவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில் ஸால்ஃபெல்ட் ஊரில் ஃபோல்கர் கிராஃப்ட் 1965இல் 18 முட்டைகளோடு தொடங்கிய மரம் பிற்பாடு 10,000 முட்டை அளவுக்கு வளர்ந்ததே, அதை நினைத்துத்தான் கேட்டாய் போலும். தாராளமாகச் செய். ஆனால் வீட்டுக்குள் வைக்கும் பிளைவுட் மழையில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். நீர் தாங்கும் பசையில் ஒட்டிய பலகை வாங்கி, ஓரங்களுக்கு மட்டும் வார்னிஷ் இரண்டு தடவை கூடுதலாகக் கொடு. தண்ணீர் உள்ளே போவது ஓரத்தின் வழியாகத்தான். வீட்டுக்குள் வைக்கும் கொத்துக்குக் காட்டிலிருந்து வில்லோ பூனைவால் கிளையை வெட்டாதே. வசந்தத் தொடக்கத்தில் தேனீக்களுக்கு முதல் உணவு அந்தப் பூ. வளர்த்து விற்பதையே வாங்கு.

உன் ரம்பத்தின் பிளேடு பிடிக்கும் இடத்தை மேலும் கீழுமாகப் படமெடுத்து அனுப்பு. ஊசியில்லாத பிளேடுக்கான பிடி அதற்கு எது பொருந்தும் என்று பார்த்து, 3ஆம் எண் பிளேடு ஒரு டஜனோடு சேர்த்து அனுப்பிவைக்கிறேன். முயலின் இரண்டு முகப் படங்களும் அந்தப் பொட்டலத்தில் வரும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்
பழைய தோழன்