அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் போல வாசிக்க என்ன பெடல் வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடலை விடு. உன் டெலிகாஸ்டர் கிட்டாரில் கிடக்கும் 11 கேஜ் ஸ்ட்ரிங் செட்டை (கேஜ் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) முதலில் கழற்று.

1950களில் கடையில் கிடைத்த கிட்டார் செட்டில் மூன்றாவது ஸ்ட்ரிங்கும் சுற்றுக்கம்பிதான். அதை வளைத்துச் சுரம் ஏற்றுவதற்குள் விரல் நொந்துபோகும். லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் வளர்ந்த பர்ட்டன் 1 முதல் 4 வரை பாஞ்சோ ஸ்ட்ரிங்கை மாட்டினார். கிட்டாரின் நான்காவதை ஐந்தாவது இடத்துக்கும், ஐந்தாவதை ஆறாவது இடத்துக்கும் தள்ளினார். பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து வாசிக்கும் ஒருவகை கிட்டார்) போல வழுக்கி ஏறும் அந்தச் சுரங்கள் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

நீ முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை 9, 10, 12, 24, 32, 38 என்று உதிரியாக வாங்கிப் போடு. இழுவிசை குறைந்ததும் நெக் பின்னால் சாயும், முதல் சில ஃபிரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கரகரக்கும். உடனே ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கிவிடாதே. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி ஒரு நாள் விட்டுப் பார். (பழைய பாணி டெலிகாஸ்டரில் அந்தத் திருகு நெக்கின் அடிமுனையில் இருக்கும், நெக்கைக் கழற்ற வேண்டியிருக்கும்.) 12 கேஜ் மூன்றாவது ஸ்ட்ரிங், கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். இடக்கைப் பிடியைத் தளர்த்தத்தான் வேண்டும்.

வலக்கைக்கு வா. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிளாட் பிக் (மீட்டும் தட்டை வில்லை), நடுவிரலில் ஃபிங்கர் பிக் (விரலில் மாட்டும் வில்லை). பிக்கால் கீழே ஓர் அடி. அப்போது இடக்கை விரலை லேசாகத் தூக்கி அந்தச் சுரத்தை அடக்கு. அடுத்ததை நடுவிரலால் மேலே இழுத்துவிடு, ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் மோதித் தெறிக்கட்டும். கோழி கொக்கரிப்பது போலக் கேட்டால் சரி. சிக்கன் பிக்கிங் என்ற பெயரே அப்படி வந்ததுதான். எல்லாச் சுரத்தையும் அடக்கினால் பலகையைத் தட்டுவது போலாகும். மெட்ரோனோம் 60இல் தொடங்கு.

இனி கேட்க வேண்டியவை. 1957இல் டேல் ஹாக்கின்ஸ் பாடிய ‘சூசி கியூ’வின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) பர்ட்டனுடையது, பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதே ஆண்டு பாடகர் ரிக்கி நெல்சனிடம் சேர்ந்தபோது ஜோ மாஃபிஸ் லீட் (முன்னணி கிட்டார்) வாசிக்க, பர்ட்டனுக்குத் தாளத்துக்குத் துணை போகும் ரிதம்தான். 1958இல் ‘பிலீவ் வாட் யூ சே’ சோலோ (தனி வாசிப்பு) அவர் கைக்கு வந்தது. 1961இன் ‘ஹலோ மேரி லூ’ சோலோவை மட்டும் ஒரு சுரம் விடாமல் எடு. அவர் கையின் முழு இலக்கணமும் அதற்குள் இருக்கிறது.

அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கன்ட்ரி இசைப் பாடகர் மெர்ல் ஹாகர்டுக்கு வாசித்ததையும் கேள். பாடகர் வரியை முடிக்கும்வரை பர்ட்டன் ஒதுங்கி நிற்பார், மூச்சு விடும் இடத்தில் நாலே சுரம் வைப்பார். என்னைக் கேட்டால், எல்விஸ் மேடையில் வாசித்ததைவிட இதுதான் ஒசத்தி.

1969இல் லாஸ் வேகஸ் மேடைக்காக எல்விஸுக்கு பேண்ட் சேர்த்துக் கொடுத்து, 1977 வரை கூடவே இருந்தார். நடுவில் பாடகி எம்மிலூ ஹாரிஸின் ஹாட் பேண்டிலும் வாசித்தார். எல்விஸ் சுற்றுப்பயணத்தோடு தேதி மோதியதால் அங்கே அவருக்குப் பதிலாக கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் லீ வந்தார். இருவரையும் அடுத்தடுத்துக் கேள்: லீ ஓடுவார், பர்ட்டன் நின்று தெறிப்பார்.

9 கேஜ் முதல் ஸ்ட்ரிங் அடிக்கடி அறும். அரை டஜன் சேர்த்தே வாங்கி வை.

அன்புடன்,
அண்ணன்