கன்றுக் கழிச்சலையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாட்டு நோய் என்றால் கோமாரி, அம்மை, மடிநோய் என்று எழுதுகிறோம். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கழிந்தே செத்துப்போகும் கன்றுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கிராமங்களில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். மனசு பொறுக்காமல் எழுதுகிறேன்.

இந்தக் கழிச்சலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். மஞ்சளாகத் தண்ணீர்போல் பீச்சும், வாலெல்லாம் அப்பிக் காயும், கண் குழி விழும், பிறகு கன்று எழுந்து நிற்காது. சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பை வைரஸ் அழித்துவிடுவதால் குடித்த பால் அப்படியே வெளியேறுகிறது. உயிரைக் கொல்வது நீரிழப்பு. ஆனால் பல கொட்டகைகளில் முதலில் போடப்படுவது ஆன்டிபயாட்டிக் ஊசி! வைரஸை அது ஒன்றும் செய்யாது. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை விடாமல் புகட்டியிருந்தால் பிழைத்திருக்கும் கன்றுகள் எத்தனையோ.

என்ன கிருமி என்று சாணத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். இந்த வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருக்கிறது. ஆய்வகத்தில் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் மேலிருந்து நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு எனக் கோடுகள் விழும். அது ஏ பிரிவு ரோட்டா வைரஸ். அதற்குள்ளும் வகைகள் உண்டு; வைரஸின் வெளிப்புறத்தில் உள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி, பி என்று எண்ணிட்டு அவற்றைப் பிரிப்பார்கள். மாடுகளில் ஜி6, ஜி8, ஜி10 அதிகம். நம் நாட்டு மாடுகளில் ஜி10பி11 வகை திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. சினைப்பசுவுக்குத் தடுப்பூசி போட்டு, சீம்பால் வழியாகக் கன்றைக் காக்கும் முறை வெளிநாடுகளில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவருவதென்றால் நம் கொட்டகைகளில் எந்த வகை சுற்றுகிறது என்று தெரிய வேண்டாமா?

இது மாட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஒரே குடலில் இரண்டு வகை சேர்ந்தால் அந்த 11 துண்டுகள் கலந்து புது வகை பிறக்கும். பெங்களூரில் நோய்க்குறியே இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த ஜி10பி11 வைரஸில் பெரும்பாலான துண்டுகள் மாட்டினுடையவை. வேலூரில் அதே வகை பச்சிளங்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையே உண்டாக்கியது. 1980-களில் டெல்லியில் குழந்தைகளிடம் எடுத்த 116ஈ என்ற வைரஸில் ஒரு துண்டு மாட்டிலிருந்து வந்தது. அதிலிருந்து உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்துதான் 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. கொட்டகைக்கும் தொட்டிலுக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கிறது.

குழந்தைகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-லேயே மருத்துவமனைகளை இணைத்து ரோட்டா வைரஸ் கண்காணிப்பைத் தொடங்கியது. 2019 கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கு மேல் மாடுகள் உள்ள நாட்டில், கன்றுகளுக்கும் அதுபோல வேண்டும். ஆங்காங்கே யாரோ ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சில மாதம் மாதிரி எடுப்பது போதாது. கால்நடைத் துறையும் மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாவட்டந்தோறும் ஆண்டு முழுக்கக் கழிச்சல் மாதிரிகளைச் சேகரித்து, வகை பிரித்து, குழந்தைகளிடம் கிடைக்கும் வகைகளோடு ஒப்பிட வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒன்று. நஞ்சுக்கொடி விழட்டும் என்று கன்றைப் பால் குடிக்க விடாமல் காத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும்; ஒரு நாள் கழிந்தால் அநேகமாக முடியாது. கன்று போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுங்கள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது முதல் நாளில் உள்ளே போகட்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது, திரட்டுப்பால் கிண்டுவது எல்லாம் கன்று குடித்து மிஞ்சியதில் இருக்கட்டும். இந்தப் பகுதியையாவது தங்கள் வேளாண் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.